கையடக்க விஷவாயு மீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொழிற்சாலைகளிலும் உள்ளாட்சிப் பணியாளர்களுக்கும் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் ஏறக்குறைய இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கழிவுநீர் லாரி ஓட்டுபவர்கள், தோல் பதனிடும் ஆலை சூப்பர்வைசர்கள், கிணறு தூர்வாருபவர்கள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த சேஃப்டி ஆபீசர்கள் என்று பலரும் கேட்டதை, அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். செப்டிக் டேங்கிலும் பாதாளச் சாக்கடையிலும் ஆளை இறக்குவது எப்படி என்று சொல்லித்தர இதை எழுதவில்லை. அந்த வேலைக்கு இயந்திரம் இருக்கிறது. மீட்டர் கையில் இருக்கிறது என்பதையே ஒருவரை உள்ளே அனுப்புவதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்கிறார்கள், அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இந்த மீட்டர்ல என்னதான் தெரியும் சார்? நாலு வாயுன்னா எந்த நாலு?

நம் ஊரில் அதிகம் புழங்குவது ஃபோர் கேஸ் மீட்டர். பெல்ட்டில் மாட்டிக்கொள்ளும் அளவுதான் இருக்கும். ஆக்சிஜன், தீப்பற்றும் வாயு (பெரும்பாலும் மீத்தேன் கணக்கில்), கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய நான்கைக் காட்டும். பெயரில் 'நாலு வாயு' என்று இருந்தாலும் முதலாவது விஷம் கிடையாது, நாம் சுவாசிப்பது. அது குறைகிறதா என்று பார்க்கத்தான் அந்த சென்சார்.

உள்ளே நான்கு தனித்தனி சென்சார்கள் இருக்கின்றன. ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு மூன்றுக்கும் மின்வேதியியல் சென்சார்: வாயு உள்ளே போய் வேதிவினை நடந்து சின்ன மின்னோட்டம் உண்டாகும், அதன் அளவுதான் திரையில் எண்ணாக வருகிறது. தீப்பற்றும் வாயுவுக்கு, சூடாக்கிய ஒரு சின்ன மணியின் மேல் வாயுவை எரித்து அந்தச் சூட்டை அளக்கிறார்கள். எரிப்பதற்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

நாத்தம் வந்தாலே விஷவாயு இருக்குன்னு தெரிஞ்சிடுமே, இதுக்கு எதுக்கு மீட்டர்?

உயிர்கள் போவது பெரும்பாலும் இந்த நம்பிக்கையில்தான். ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைந்த அளவில், 1 பிபிஎம்முக்கும் கீழேயே, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். (பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) ஆனால் 100 பிபிஎம்மை நெருங்கும்போது சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துப்போகிறது. அப்போது நாற்றம் போய்விட்டது என்று தோன்றும். 'மூடியைத் திறந்து வைத்தோம், கொஞ்ச நேரத்தில் நாற்றம் குறைந்துவிட்டது, இறங்கினோம்' என்று பிழைத்தவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நாற்றம் குறைந்தது நல்ல காற்று வந்ததாலா, மூக்கு செத்ததாலா என்று அங்கே நின்ற யாராலும் சொல்ல முடியாது. 700 பிபிஎம்மைத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடலாம், கத்தக்கூட நேரம் இருக்காது.

கார்பன் மோனாக்சைடுக்கும் மீத்தேனுக்கும் வாசனையே கிடையாது. ஆக்சிஜன் குறைவதையும் எந்த மூக்காலும் கண்டுபிடிக்க முடியாது.

எங்க பக்கம் கிணத்துல இறங்குறதுக்கு முன்னாடி விளக்கைக் கயிறு கட்டி இறக்கிப் பாப்போம். அது போதாதா?

அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் உண்மையான அனுபவ அறிவு இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பாழுங்கிணற்றில் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு தேங்கியிருந்தால் விளக்கு அணைந்துவிடும். இங்கிலாந்துச் சுரங்கங்களில் 1815-இல் வந்த டேவி விளக்கும் இப்படித்தான் உதவியது, அங்கே கூண்டில் குருவி கொண்டுபோகும் வழக்கம் 1986 வரைகூட இருந்தது.

ஆனால் ஆக்சிஜன் 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தால்தான் சுடர் அணையும். அதற்கு முன்பே மனிதனுக்குக் கை கால் தள்ளாட ஆரம்பித்துவிடும். ஆளைக் கொல்லும் அளவு கார்பன் மோனாக்சைடு இருந்தாலும் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டே இருக்கும், டீசல் எஞ்சினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுகிற இடத்தில் அதுதான் ஆபத்து. மீத்தேன் இருக்கிற செப்டிக் டேங்கில் தீயை இறக்கினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கிணற்றிலாவது விளக்கு பாதி பதில் சொல்லும், கழிவுநீர்த் தொட்டி பக்கம் தீயையே கொண்டுபோகாதீர்கள்.

எந்த எண் வந்தா பயப்படணும்?

சுத்தமான காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலோ 23.5-க்கு மேலே போனாலோ மீட்டர் கத்தும். ஹைட்ரஜன் சல்பைடுக்குப் பெரும்பாலும் 10 பிபிஎம்மிலும், கார்பன் மோனாக்சைடுக்கு 35 பிபிஎம்மிலும், தீப்பற்றும் வாயுவுக்கு எல்இஎல்லில் (தீப்பற்றத் தேவையான குறைந்தபட்ச அளவு, அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்) 10 சதவீதத்திலும் முதல் அலாரம் வைத்திருப்பார்கள். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், உங்கள் கருவியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை திறந்து பாருங்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நையோஷ் வரையறுத்திருக்கும் அளவு ஹைட்ரஜன் சல்பைடுக்கு 100 பிபிஎம், கார்பன் மோனாக்சைடுக்கு 1,200, அம்மோனியாவுக்கு 300, குளோரினுக்கு வெறும் 10. ஒவ்வொரு வாயுவுக்கும் தராசு வேறு, அதனால் 'முப்பதுதானே காட்டுது' என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

எல்இஎல் 10 சதவீதம்னா காத்துல பத்து சதவீதம் கேஸ் இருக்குன்னு அர்த்தமா?

இல்லை. எல்இஎல் என்பது காற்றோடு கலந்த வாயு தீப்பற்றுவதற்குத் தேவையான குறைந்தபட்ச அளவு. மீத்தேனுக்கு அது சுமார் 5 சதவீதம். அந்த 5 சதவீதத்தை 100 என்று வைத்துக்கொண்டு மீட்டர் காட்டுகிறது. ஆக, திரையில் 10 என்றால் காற்றில் இருப்பது 0.5 சதவீதம் மீத்தேன், அதாவது 5,000 பிபிஎம்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தீப்பிடிக்குமா என்பதற்கு மட்டும்தான் அந்த எண் பதில் சொல்லும். பென்சீனை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் எல்இஎல் 1.2 சதவீதம். மீட்டரில் வெறும் 1 என்று காட்டுகிற இடத்தில் பென்சீன் 120 பிபிஎம் இருக்கும். தீப்பிடிக்காது, ஆனால் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளை அந்த அளவில் யாரும் சுவாசிக்கக் கூடாது. பெயிண்ட், கரைப்பான் புழங்கும் இடங்களில் எல்இஎல் 0 அல்லது 1 என்பதை 'சுத்தம்' என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மூடியைத் தொறந்து வாய்கிட்டயே காட்டினோம், நாலும் சரியா இருந்துச்சு. அப்புறம் எப்படி ஆள் மயங்கினாரு?

இரண்டு காரணங்கள். முதலாவது, வாயுக்கள் ஒரே உயரத்தில் நிற்பதில்லை. மீத்தேன் காற்றைவிடப் பாதிக் கனம்தான், மேலே நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு கொஞ்சம் கனம், அடியில் தேங்கும். கார்பன் மோனாக்சைடு காற்றோடு ஒட்டிப் பரவும். அதனால் வாயில், நடுவில், அடியில் என்று நாலு அடிக்கு ஒரு தரம் நிறுத்தி அளக்க வேண்டும். அதுவும் வெளியே நின்றபடி, குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சும் வகை மீட்டரால். கயிற்றில் கட்டி மீட்டரையே இறக்கினால் திரையைப் பார்க்க முடியாது, அலாரம் மட்டும்தான் கேட்கும்.

இரண்டாவது காரணம்தான் பெரியது. கழிவுச் சேற்றில் வாயு சிறைப்பட்டுக் கிடக்கிறது. மேலே அளக்கும்போது காற்று உண்மையிலேயே நன்றாக இருந்திருக்கலாம். கம்பியைப் போட்டுக் கிளறிய நொடியில், ஒரு கால் சேற்றில் புதைந்த நொடியில், குபுகுபுவென்று குமிழி விட்டு வெளியே வரும். அரை நிமிடத்துக்கு முன் பார்த்த பூஜ்யம் இப்போது செல்லாது. மீட்டர் காட்டுவது அந்த இடத்தில் அந்த நொடியில் இருந்த காற்றை மட்டும்தான். தோல் ஆலைத் தொட்டிகளில் இதைவிட மோசம்: சோடியம் சல்பைடு இருக்கிற கழிவுநீரோடு அமிலக் கழிவு வந்து கலந்தால் அங்கேயே புதிதாக ஹைட்ரஜன் சல்பைடு உற்பத்தியாகும். அளந்தபோது இல்லாத வாயு அது.

குழாயை உள்ள விட்டதும் பாத்துட்டு எடுத்துடலாமா, இல்ல காத்திருக்கணுமா?

காத்திருக்க வேண்டும். காற்று குழாய் வழியாக வந்துசேர அடிக்கு ஒன்றிரண்டு விநாடி, அதன்பின் சென்சார் முழு அளவைக் காட்ட அரை நிமிடம் வரை ஆகும். ஒவ்வொரு ஆழத்திலும் இரண்டு நிமிடம் வைத்தால் பாதுகாப்பு. எண் ஏறிக்கொண்டே இருந்தால் நிற்கும்வரை எடுக்காதீர்கள். உங்கள் கருவியின் கையேட்டில் குழாய் நீளத்துக்கான கணக்கு தனியாக இருக்கும், அதுதான் இறுதி. குழாய் நுனி தண்ணீரில் முங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நீரை உறிஞ்சினால் உள்ளே இருக்கும் மோட்டார் போய்விடும். நுனியில் இருக்கிற வடிகட்டி கறுத்திருந்தால் மாற்றுங்கள்.

ஆக்சிஜன் 20.4 காட்டுது. 19.5-க்கு மேலதானே, ஓகேதானே?

இந்தக் கேள்வியைக் கேட்டவரைப் பாராட்டினேன், ஏனென்றால் நிறையப் பேர் இதைக் கேட்பதே இல்லை. 20.9 இருக்க வேண்டிய இடத்தில் 0.5 குறைந்திருக்கிறது. ஆக்சிஜன் காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான், ஆகவே ஆக்சிஜன் அரை சதவீதம் குறைய வேண்டுமானால் வேறு ஏதோ வாயு சுமார் 2.4 சதவீதம் உள்ளே வந்து மொத்தக் காற்றையும் தள்ளியிருக்க வேண்டும். பிபிஎம்மில் சொன்னால் ஏறக்குறைய 24,000. அந்த 24,000 என்ன? நைட்ரஜனாக இருந்தால் பிழைத்தோம். மீட்டருக்குத் தெரியாத ஒரு விஷமாக இருந்தால்?

துருப்பிடிப்பதாலோ நுண்ணுயிர்கள் தின்றதாலோ ஆக்சிஜன் குறைந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. சென்சார் தேய்ந்து எண் நகர்ந்திருக்கலாம். எதுவானாலும் காரணம் தெரிகிறவரை வேலையைத் தொடங்காதீர்கள். வெளியே நல்ல காற்றுக்கு வந்து அதே மீட்டரைப் பாருங்கள், அங்கே 20.9 என்று வந்தால் உள்ளேதான் ஏதோ இருக்கிறது.

மீட்டரை எங்க ஆன் பண்ணணும்? குழிகிட்ட போய்தானே?

கூடாது. பல கருவிகள் ஆன் ஆகும்போது சுற்றியிருக்கும் காற்றையே சுத்தமான காற்று என்று எடுத்துக்கொண்டு பூஜ்யத்தை அமைத்துக்கொள்ளும், அல்லது அமைக்கவா என்று கேட்கும். திறந்த மேன்ஹோல் பக்கத்திலோ ஓடிக்கொண்டிருக்கும் லாரியின் புகைக்குழாய் பக்கத்திலோ நின்று சரி என்று அமுக்கினால், அங்கே இருந்த விஷம் பூஜ்யமாகப் பதிவாகிவிடும். அதன்பின் அன்று முழுக்க மீட்டர் குறைத்துத்தான் காட்டும். தள்ளி, காற்று வரும் பக்கம் நின்று ஆன் செய்யுங்கள்.

போன மாசம்தான் கேலிபரேஷன் பண்ணி சர்டிஃபிகேட் குடுத்தாங்க. தினமும் எதுக்கு செக் பண்ணணும்?

சான்றிதழ் போன மாதத்தைப் பற்றிச் சொல்கிறது. நேற்று கருவி கீழே விழுந்திருக்கலாம், சென்சார் வாயிலில் சேறு அடைத்திருக்கலாம். அதனால் ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன், அளவு தெரிந்த சோதனை வாயுவை ஒரு சின்ன சிலிண்டரிலிருந்து காட்டி நான்கு சென்சாரும் எதிர்வினை செய்கிறதா, அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பம்ப் டெஸ்ட் (bump test) என்பார்கள். ஒரு நிமிட வேலை. அந்த சிலிண்டருக்கும் காலாவதித் தேதி உண்டு, ஹைட்ரஜன் சல்பைடு நாளடைவில் தானாகவே அளவு குறைந்துபோகும்.

குறிப்பாகத் தீப்பற்றும் வாயு சென்சாரைப் பற்றிக் கவலைப்படுங்கள். சிலிக்கோன் கலந்த பாலிஷ், ஸ்ப்ரே ஏதாவது அதன் பக்கத்தில் அடித்தால் அந்த மணியின் மேல் படிந்து அதைக் கொன்றுவிடும். செத்த சென்சார் எப்போதும் 0 என்று பச்சையாகவே காட்டும், பார்த்தால் சுத்தமான காற்றுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. இன்னொன்று, சிலர் சிகரெட் லைட்டரைத் திறந்து காட்டிப் பார்க்கிறார்கள். அளவுக்கு மீறிய வாயு போய் அந்த சென்சாரையே கெடுத்துவிடும். வாயால் ஊதினால் ஆக்சிஜன் இறங்குகிறதே என்பார்கள், அது ஆக்சிஜன் சென்சாருக்கு மட்டும்தான் சோதனை, மற்ற மூன்றுக்கும் இல்லை.

இன்வெர்ட்டர் பேட்டரி ரூம்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிக்குது. அங்க புகையே இல்லையே?

சார்ஜ் ஆகும் ஈய அமில பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வருகிறது. கார்பன் மோனாக்சைடு சென்சார் ஹைட்ரஜனையும் பார்த்து எண் காட்டும். ஆல்கஹால் கலந்த சானிடைசரைக் கையில் தேய்த்துக்கொண்டு உடனே மீட்டரைப் பிடித்தாலும் சில கருவிகள் இப்படிக் கத்தும்.

அதற்காகப் 'பொய் அலாரம்' என்று அணைத்துவிடாதீர்கள். ஹைட்ரஜன் 4 சதவீதத்திலேயே தீப்பற்றும் வாயு, மீட்டர் பெயரைத் தப்பாகச் சொன்னாலும் ஆபத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கதவைத் திறந்து காற்று வரச் செய்யுங்கள், எக்ஸாஸ்ட் ஓடுகிறதா பாருங்கள்.

இதற்கு நேரெதிராக, இருப்பதைக் குறைத்துக் காட்டுவதும் நடக்கும். முதல் கேள்வியில் சொன்னேனே, எரிக்க ஆக்சிஜன் வேண்டும் என்று. ஆக்சிஜன் 10 சதவீதத்துக்கும் கீழே இருக்கிற தொட்டியில் மீத்தேன் நிரம்பியிருந்தாலும் எல்இஎல் எண்ணை நம்ப முடியாது. அதனால்தான் எப்போதும் ஆக்சிஜனை முதலில் படியுங்கள் என்கிறோம்.

நாலும் பச்சை. ஆனா கண்ணு எரிஞ்சு தலை சுத்திச்சு. மீட்டர் ரிப்பேரா?

ரிப்பேராக இல்லாமலும் இருக்கலாம். அந்த நான்கு சென்சாரில் இல்லாத வாயுவை அது காட்டாது. அம்மோனியா, குளோரின், கந்தக டை ஆக்சைடு எதற்கும் அதில் இடம் இல்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து மக்கள் மூச்சுத்திணறி ஓடினார்களே, அங்கே அம்மோனியா என்று பெயர் சொல்லி அளவு காட்ட அதற்கென்று தனி சென்சார் வேண்டும்.

தானியக் கிடங்குகளில் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைத்துப் புகைமூட்டம் போடுகிறார்களே, அதிலிருந்து வருவது பாஸ்பீன். 50 பிபிஎம்மிலேயே உயிருக்கு உடனடி ஆபத்து. கிடங்கைத் திறப்பவர்கள் ஃபோர் கேஸ் மீட்டரைக் காட்டிவிட்டு உள்ளே போவதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பாஸ்பீன் சென்சாரோ பாஸ்பீனுக்கு நிறம் மாறும் கண்ணாடிக் குழாயோ இல்லாமல் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. மீட்டர் வாங்குவதற்கு முன் 'இங்கே என்னென்ன வாயு வரலாம்' என்று ஒரு பட்டியல் போடுங்கள்.

அப்போ எல்லாத்தையும் காட்டுற ஒரே மெஷின் எதுவும் இல்லையா?

இல்லை. ஆனால் பரவலாகப் பார்க்க ஒன்று இருக்கிறது, பிஐடி. புற ஊதா விளக்கால் மூலக்கூறுகளைத் தாக்கி மின்னேற்றம் செய்து எண்ணும். பென்சீன், டொலுவீன், பெட்ரோல் ஆவி, ஸ்டைரீன் மாதிரியான கரிமப் பொருட்களை 1 பிபிஎம்முக்கும் கீழே பிடித்துவிடும். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் கசிந்தது ஸ்டைரீன், அந்த மாதிரி இடத்துக்கு இது பொருத்தமான கருவி. ஆனால் ஏதோ இருக்கிறது, இவ்வளவு இருக்கிறது என்றுதான் சொல்லும், என்ன என்று சொல்லாது.

அதற்கும் எல்லை இருக்கிறது. வழக்கமான விளக்கின் ஆற்றல் 10.6 எலெக்ட்ரான் வோல்ட். அதற்கு மேல் ஆற்றல் தேவைப்படும் மூலக்கூறுகள் அதன் கண்ணில் படாது. மீத்தேன் படாது, கார்பன் மோனாக்சைடு படாது. 1984-இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டுக்கு 10.67 வேண்டும், நூலிழையில் தப்பிவிடும்.

குறிப்பிட்ட ஒரு வாயுவை எப்போதாவது அளக்க வேண்டியவர்களுக்கு நிறம் மாறும் கண்ணாடிக் குழாய்தான் நான் சொல்வது. நுனிகளை உடைத்து, கைப்பம்பில் செருகி, சொன்ன தடவை இழுத்தால் உள்ளே இருக்கும் பொடி நிறம் மாறும், எவ்வளவு நீளத்துக்கு மாறியது என்று கோட்டில் படிக்க வேண்டும். பேட்டரி வேண்டாம். ஒருமுறைதான் பயன்படும், காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள்.

லாரி கவிழ்ந்து ஏதோ கொட்டிக் கிடக்கு. என்ன கெமிக்கல்னு சொல்ற கருவி இருக்கா?

இருக்கிறது. ராமன் நிறமாலை பார்க்கும் கையடக்கக் கருவி லேசரைப் பாய்ச்சித் திரும்பி வரும் ஒளியைத் தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பொருளின் பெயரைச் சொல்லும். கண்ணாடிப் பாட்டிலைத் திறக்காமலே வெளியிலிருந்து படிக்கும் என்பது பெரிய வசதி. ஆனால் உப்பு மாதிரியான சில பொருட்களைப் படிக்காது, சில சாயங்கள் ஒளிர்ந்து குழப்பிவிடும். கறுப்பான பொடியில் லேசர் பட்டால் சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும், வெடிபொருள் சந்தேகம் இருந்தால் அது விளையாட்டல்ல. காற்றில் இருக்கும் நரம்புநச்சு போன்ற ஆவிகளுக்கு அயனி நகர்வு முறைக் கருவி உண்டு. விமான நிலையத்தில் பையைத் துணியால் துடைத்து வெடிபொருளுக்குச் சோதிப்பார்களே, பெரும்பாலும் அதே நுட்பம். வாசனைத் திரவியமும் டீசல் புகையும் அதைச் சில நேரம் ஏமாற்றும்.

இவையெல்லாம் பயிற்சி பெற்ற அணிகளின் கையில் இருக்க வேண்டியவை. நீங்கள் செய்ய வேண்டியது காற்று வரும் பக்கமாகத் தள்ளிப் போய், டேங்கர் பலகையில் இருக்கும் ஐ.நா. எண்ணைத் தூரத்திலிருந்தே படித்து 112-க்கோ 101-க்கோ சொல்வது. நாலு இலக்க எண் அது, 1005 என்றால் அம்மோனியா, 1017 என்றால் குளோரின். எந்தக் கருவியையும்விட வேகமான பதில். அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையில் ரசாயன, உயிரியல் ஆபத்துகளுக்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

ஆன்லைன்ல இருநூறு ரூபாய்க்கு கேஸ் சென்சார் கிடைக்குது, செல்போன் ஆப் கூட இருக்காமே?

போனில் அந்த வாயுக்களுக்கான சென்சார் இல்லை, ஆகவே ஆப்பை விட்டுவிடுங்கள். மலிவு சென்சார்கள் பெரும்பாலும் உலோக ஆக்சைடு வகை. மாணவர்கள் கற்றுக்கொள்ள நல்லவை, எல்பிஜி கசிந்தால் கத்துகிற வீட்டு அலாரங்களிலும் இதே வகை இருக்கிறது. ஆனால் ஈரப்பதத்துக்கும் சாராய வாடைக்கும் சமையல் புகைக்கும் எல்லாவற்றுக்கும் ஆடும், எந்த வாயு, எத்தனை பிபிஎம் என்று நம்பும்படி சொல்லாது. தவிர, தீப்பற்றும் வாயு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் எந்தக் கருவியும் பொறி உண்டாக்காத வடிவமைப்பு என்று சான்று பெற்றிருக்க வேண்டும், நம் நாட்டில் பெசோ (வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) ஒப்புதலைக் கேளுங்கள். உங்கள் கைபேசிக்கு அது கிடையாது.

வீட்டுல கேஸ் அலாரம் மேல மாட்டணுமா, கீழ மாட்டணுமா?

எல்பிஜி சிலிண்டர் என்றால் தரைக்குப் பக்கத்தில், அது காற்றைவிடக் கனம். குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு என்றால் கூரைக்குப் பக்கத்தில். அவ்வளவுதான்.

கிருமியையும் இதே மாதிரி காட்டுற மீட்டர் உண்டா?

காற்றில் நீட்டினால் 'கிருமி இத்தனை' என்று சொல்லும் மீட்டர் இல்லை. காரணம் எளிது: வாயு மூலக்கூறு எங்கே இருந்தாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். கிருமியோ புழுதி, மகரந்தம், தீங்கில்லாத லட்சம் நுண்ணுயிர்களுக்கு நடுவே கலந்து கிடக்கிறது. அதனால் கையடக்கக் கருவிகள் இரண்டு வழியில் போகின்றன. ஒன்று, கோவிட் காலத்தில் எல்லோரும் பார்த்த பட்டைச் சோதனை, பதினைந்து நிமிடத்தில் கோடு விழும், ஆனால் கிருமி நிறைய இருந்தால்தான் விழும். இன்னொன்று, மரபணுவைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கும் பிசிஆர். கோவாவைச் சேர்ந்த மோல்பயோவின் ட்ரூநாட் பேட்டரியில் ஓடும் பிசிஆர், ஆரம்ப சுகாதார நிலையத்து மேசையிலேயே வைத்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிவு தரும். காசநோய்க்கு உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அதைப் பரிந்துரைத்தது. குளிரூட்டிய பெரிய ஆய்வகம் இல்லாத ஊருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சோதனை முடிவுக்கு அலைந்தவர்களுக்குத் தெரியும்.

கிணத்துத் தண்ணியில சாக்கடை கலந்திருக்கான்னு வீட்டுலயே பாக்க வழி இருக்கா?

இருக்கிறது, அதுவும் நம் நாட்டில் பிறந்த முறை. 1982-இல் மாஞ்சா, மௌர்யா, ராவ் ஆகிய இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்டது. மருந்து தடவிய காகிதம் உள்ள சின்னப் பாட்டிலில் கோடு வரை தண்ணீர் ஊற்றி, மூடி, அறை வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும். மலத்தோடு வரும் பல பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடை உண்டாக்கும், அது இரும்போடு சேர்ந்து தண்ணீரைக் கறுப்பாக்கும். தொட்டியில் ஆளைக் கொல்கிற அதே வாயு இங்கே துப்புச் சொல்கிறது.

கறுத்தால் கொதிக்கவைக்காமல் குடிக்காதீர்கள், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கறுக்கவில்லை என்றால் வைரஸ் இல்லை என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே கந்தக வாடை அடிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர் மலக்கலப்பு இல்லாமலே கறுத்துவிடக்கூடும், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஆபீசுக்கு வெள்ளைப் பவுடரோட கவர் வந்தா பட்டை வச்சு சோதிச்சுக்கலாமா?

வேண்டாம். 2001-இல் அமெரிக்காவில் ஆந்த்ராக்ஸ் கடிதங்களால் 22 பேர் பாதிக்கப்பட்டு 5 பேர் இறந்த பிறகு இந்தப் பட்டைகள் அங்கே நிறைய விற்றன. குறைந்தது 10,000 ஸ்போர்கள் இருந்தால்தான் கோடு விழும் என்று சொல்லி, முடிவெடுக்க அவற்றை நம்ப வேண்டாம் என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு மையமே எச்சரித்தது. கவரை வைத்த இடத்திலேயே விட்டு, மின்விசிறியையும் ஏசியையும் அணைத்து, வெளியேறிக் கதவைச் சாத்தி, கையைச் சோப்பால் கழுவி 112-ஐ அழையுங்கள்.

உள்ள ஒருத்தர் விழுந்துட்டாரு, மீட்டரும் கத்துது. பாத்துக்கிட்டு சும்மா நிக்கவா சொல்றீங்க?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எல்லோருக்கும் குரல் உயரும், உயர வேண்டியதுதான். விழுந்தவர் பெரும்பாலும் தம்பியாக, மாமனாக, கூட வேலை பார்க்கிற நண்பராக இருப்பார். ஆனால் மூடிய இடங்களில் நடந்த மரணங்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள்தான் என்று நையோஷ் 1986-இல் எழுதியது. நம் செய்தித்தாள்களில் 'ஒருவரைக் காப்பாற்ற முயன்ற இருவரும்' என்று தொடர்ந்து படிக்கிறோம்.

சும்மா நிற்கச் சொல்லவில்லை. இறங்காமல் செய்யக்கூடியது இருக்கிறது: 101, 108-க்கு அழையுங்கள், பிளோயர் இருந்தால் நல்ல காற்றை உள்ளே தள்ளுங்கள், அவர் இடுப்பில் கயிறும் மேலே முக்காலியும் (ஆளைத் தூக்கும் ட்ரைபாட்) இருந்தால் இழுங்கள். இறங்குபவர் சிலிண்டர் காற்றோடு கூடிய சுவாசக் கருவி போட்டிருக்க வேண்டும். என்95-ஓ ஈரத்துண்டோ வாயுவை நிறுத்தாது. வடிகட்டி மாட்டிய முகமூடி ஆக்சிஜனை உண்டாக்காது. கயிறும் முக்காலியும் முன்கூட்டியே இல்லாத இடத்தில் யாரையும் இறக்கியே இருக்கக் கூடாது.

காண்ட்ராக்டர் மீட்டர் வாங்கிட்டாரு, 'அதான் பச்சை காட்டுதே, இறங்கு'ங்கறாரு. மறுக்கலாமா?

மறுக்கலாம், மறுக்க வேண்டும். கையால் மலம் அள்ளும் வேலையைத் தடை செய்யும் 2013 சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை வைத்துச் சாக்கடையும் செப்டிக் டேங்கும் சுத்தம் செய்வதைக் குற்றம் என்கிறது, முதல் தடவைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதன் விதிகளில் தர வேண்டிய கருவிகளின் நீண்ட பட்டியலில் நாலு வாயு மீட்டர் ஒரே ஒரு வரிதான். கூடவே காற்றுக்குழாய் சுவாசக் கருவி, பிளோயர், முதலுதவி எல்லாம் வருகின்றன. அவை அனைத்தும் இருந்தாலும் பாதாளச் சாக்கடையில் ஆளை இறக்குவது இயந்திரத்தால் முடியாத ஒருசில வேலைகளுக்கு மட்டும்தான். வேறு எதற்கானாலும் உள்ளாட்சித் தலைமை அதிகாரி காரணத்தை எழுதி அனுமதித்திருக்க வேண்டும். 14420 என்ற எண்ணில் அழைத்தால் இயந்திர வண்டிக்கு ஏற்பாடு செய்யலாம்.

உயிரிழந்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று சொன்னது, 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் அதை 30 லட்சமாக உயர்த்தியது.

மீட்டர் ரீடிங்கை எழுதி வைக்கணுமா? மெஷின்லயே இருக்கும்ல?

பல கருவிகள் நினைவில் வைத்திருக்கும், ஆனால் இடம் நிரம்பினால் பழையதை அழித்துவிடும். அதனால் நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், எந்த ஆழத்தில் எந்த எண், காலையில் சோதனை வாயு காட்டியது யார், கருவியின் வரிசை எண் என்ன, அளந்தவர் கையெழுத்து. வேலை நடக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி அளந்து அதையும் எழுதுங்கள், சேற்றைக் கிளறினால் உடனேயே. விபத்து நடந்துவிட்டால் மீட்டரை அணைக்காமல், யாரும் பட்டனை அமுக்காமல் எடுத்து வைத்து விசாரிக்க வருபவரிடம் கொடுங்கள். உள்ளே என்ன இருந்தது, எத்தனை மணிக்கு அலாரம் அடித்தது, அதன்பிறகும் வேலை தொடர்ந்ததா என்பதற்கு அந்தக் குடும்பத்தின் பக்கம் நிற்கும் ஒரே சாட்சி பல நேரம் அதுதான்.